பங்குனியில் புளியங்கொழுந்து, கோடை மழைக்குப் பிறகு களைக்கீரை: பறிப்பதும் சமைப்பதும்

பங்குனியில் புளி உலுக்கி முடிந்ததும் ஆந்திரப் பக்கம் பலமனேரிலிருந்து அத்தை போன் செய்வார். நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே "மரம் துளுத்துடுச்சா?" என்றுதான் கேட்பார். துளிர்த்துவிட்டது என்று சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் குடியாத்தம் வந்துவிடுவார். அவர் வீட்டில் அது சிந்த சிகுரு பப்பு, எங்கள் வீட்டில் புளியங்கொழுந்துப் பருப்பு, சட்டியில் இருப்பது ஒன்றுதான். எல்லைக்கு இந்தப் பக்கம் களியோடும் அந்தப் பக்கம் ராகி சங்கடியோடும் சாப்பிடுகிறோம், அதுவும் ஒன்றுதான்.

வெளியூரில் வேலை பார்க்கிற தம்பி தங்கைகள் ஊருக்கு வரும்போது, காட்டுக்கீரை எல்லாம் எங்கே கிடைக்கும், எப்படிப் பார்த்துப் பறிப்பது என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இந்த வருஷம் ஒரே ஒரு கீரையைக் கற்றுக்கொள்ளுங்கள். அதை முளையில் பாருங்கள், கொழுந்தில் பாருங்கள், பூத்து நிற்கும்போதும் காய்த்து வாடும்போதும் போய்ப் பாருங்கள். ஒரு முழுச் சுற்று பார்த்த பிறகு அடுத்த வருஷம் அதைத் தைரியமாகப் பறிக்கலாம், கூடவே இரண்டாவது செடியைப் பார்க்கத் தொடங்கலாம். எங்கள் ஆயாவுக்கு இருபதுக்கும் மேல் தெரியும், ஆனால் அவர் கீரை தேடி ஒருநாளும் போனதில்லை. சின்ன வயசிலிருந்து வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுக்கப் போனார், பிடுங்குகிற களையில் எது சட்டிக்கு, எது மாட்டுக்கு, எது வரப்புக்கு என்று கை தானாகப் பிரிக்கும். வீட்டுக்குத் திரும்பும்போது மடி நிறைய இருக்கும். நமக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் மெதுவாகத்தான் போக வேண்டும்.

முதல் கீரையாக எதை எடுப்பது என்றால், புளியங்கொழுந்தையே எடுங்கள். அது மரம். புளியமரத்தை அடையாளம் தெரியாதவர் எங்கள் பக்கம் யாரும் இல்லை.

புளியங்கொழுந்து

மாசியிலும் பங்குனியிலும் காயை உலுக்குவார்கள். அதை ஒட்டியே கிளை நுனிகளில் புதுத் துளிர் வரும், வெளிர்பச்சையாக, சில மரங்களில் லேசாகச் செம்பு நிறம் ஓடியிருக்கும். ஒரு மரம் முந்தும், ஒரு மரம் பிந்தும், அதனால் சித்திரை வரைக்கும் எங்காவது கிடைத்துக்கொண்டே இருக்கும், ஆனால் ஒரு மரத்தில் நல்ல பதம் என்பது கொஞ்ச நாள்தான். பதம் பார்க்க ஒரு கொத்தைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லுங்கள். நார் எதுவும் நாக்கில் நிற்காமல் புளிப்போடு கரைந்துவிட்டால் பதம். சக்கையைத் துப்பும்படி ஆனால் அந்தக் கிளை முற்றிவிட்டது, இன்னொரு கிளையைப் பாருங்கள்.

பறிப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம். சாலையோரப் புளியமரங்களின் காயை ஏலம் விடுவார்கள், ஏலம் எடுத்தவர் உலுக்கி முடிக்கும் வரை மரத்தில் கை வைக்காதீர்கள். முடித்த பிறகும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறிப்பதுதான் முறை, பெரும்பாலும் "தாராளமா பறிச்சிக்கோ" என்பார்கள். இரண்டாவது, வேலியில் படர்ந்திருக்கிற கொடியில் புளிய இலை மாதிரியே சின்னச் சின்னதாக அடுக்கிய இலை இருந்தால் அது குன்றிமணி. அதன் விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கொடியில் புளியங்கொழுந்து கிடையாது, அவ்வளவுதான். உங்கள் கண்ணெதிரே அடிமரமும் தலையில் ஒன்றிரண்டு பழங்காயும் இருக்கிற மரத்திலிருந்து மட்டும் பறியுங்கள்.

கிளையை முறிக்க வேண்டாம். எட்டுகிற உயரத்தில் நுனியைப் பிடித்துக் கீழிருந்து மேலாக உருவினால் இளசு மட்டும் கையோடு வரும். ஒரே கிளையை மொட்டையடிக்காமல் மரத்தைச் சுற்றி வந்து உருவுங்கள். துணிப்பையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் வெயிலில் அரை மணி நேரம் இருந்தாலே வெந்து கறுத்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் முறத்தில் கொட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து லேசாகக் கசக்கித் தேயுங்கள். இலை உதிரும், காம்பு தனியாக நிற்கும். புடைத்து எடுத்துவிடலாம். அத்தை இதைத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்வார், நான் அவசரத்தில் காம்போடு போட்டுவிட்டு அப்புறம் சாப்பிடும்போது பல்லில் குச்சி மாட்டித் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பத்து நிமிஷத்தை ஒதுக்கிவிடுங்கள்.

நாலு பேருக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு, தேய்த்து எடுத்த கொழுந்து இரண்டு பெரிய கைப்பிடி, ஒரு வெங்காயம், ஆறு பல் பூண்டு, காரத்துக்கு ஏற்ப ஐந்தாறு பச்சை மிளகாய், மஞ்சள்தூள். புளி வேண்டாம், தக்காளி வேண்டாம். பருப்பை மஞ்சளும் ஒரு சொட்டு எண்ணெயும் சேர்த்துக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள், கொழுந்தையும் பருப்போடு சேர்த்துக் குக்கரில் போட்டுவிடுகிறார்கள். புளிப்பு இருக்கிற தண்ணீரில் பருப்பு சரியாக இளகாது, எத்தனை விசில் விட்டாலும் அரிசி மாதிரி தனித்தனியாக நிற்கும். அதனால் பருப்பு முதலில், கொழுந்து பிறகு.

வாணலியில் இரண்டு கரண்டி கடலை எண்ணெய் விட்டுப் பூண்டு, வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, கழுவிப் பிழிந்த கொழுந்தைப் போடுங்கள். பச்சை நிறம் போய்ப் பழுப்பாக மாறும். பயந்துவிடாதீர்கள், புளிப்புப் பட்டால் எந்தக் கீரையும் அப்படித்தான் நிறம் மாறும், கெட்டுப் போகவில்லை. மூன்று நான்கு நிமிஷம் வதங்கியதும் வெந்த பருப்பையும் உப்பையும் சேர்த்து ஐந்து நிமிஷம் கொதிக்க விட்டு, மத்தால் இரண்டு சுற்று கடையுங்கள். கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. சூடான களி உருண்டையின் நடுவில் குழி செய்து இதை ஊற்றி, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். சோற்றுக்கும் நன்றாக இருக்கும், ஆனால் களிக்குத்தான் இது பிறந்தது.

புளிப்பு மரத்துக்கு மரம் மாறும். முதல் தடவை சமைக்கும்போது ஒரு கைப்பிடி மட்டும் போட்டு ருசி பார்த்து மீதியைச் சேருங்கள். கறிக்குழம்பில் போடுவதாக இருந்தால் ஆட்டுக்கறி முக்கால்வாசி வெந்த பிறகு கடைசிப் பத்து நிமிஷத்தில் கொழுந்தை நசுக்கிச் சேர்க்க வேண்டும், முதலிலேயே போட்டால் அந்த மணம் ஓடிப்போய்விடும். அத்தை வீட்டில் காய்ந்த இறாலோடும் செய்வார்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது.

மிஞ்சிய கொழுந்தை நிழலில் துணி விரித்து இரண்டு மூன்று நாள் காய வையுங்கள். வெயிலில் போடாதீர்கள். நொறுங்குகிற பதம் வந்ததும் காய்ந்த மிளகாய், உளுத்தம்பருப்பு, தனியா, சீரகம், பூண்டு எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, கொழுந்தை அந்தச் சூட்டிலேயே ஒரு புரட்டு புரட்டி, உப்புப் போட்டுக் கொரகொரவென்று பொடியுங்கள். ஈரம் படாத பாட்டிலில் மாதக்கணக்கில் இருக்கும்.

வேப்பம்பூ

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே சமயத்தில்தான் வேப்பமரமும் பூக்கும். அந்தப் பக்கம் உகாதிப் பச்சடிக்கும் இந்தப் பக்கம் சித்திரை ஒன்றாம் தேதிப் பச்சடிக்கும் அதே பூதான். மரத்தடியில் ராத்திரியே பழைய வேட்டியை விரித்து வைத்தால் காலையில் பூ உதிர்ந்து கிடக்கும், மண் ஒட்டாது. இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்திப் பாட்டிலில் போடுங்கள். ரசத்துக்கு, நெய்யில் ஒரு கரண்டி பூவைக் கருஞ்சிவப்பாக வறுத்து, ரசத்தை இறக்கிய பிறகு மேலே போடுங்கள். பூ போட்டதற்கு அப்புறம் கொதிக்கவிட்டால் கசப்பு முழுவதும் இறங்கி ரசம் வாயில் வைக்க முடியாது.

கோடை மழைக்குப் பிறகு

சித்திரையில் ஒன்றிரண்டு நல்ல கோடை மழை விழும். குடியாத்தத்தில் வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, எங்கள் வீட்டுக் கணக்கில் அதற்கு முன்னால் ஒரு மழையாவது பெய்துவிட வேண்டும். நிலம் நனைந்து பத்து நாளில் முளை தெரியும், மூன்றாவது வாரம் கிள்ளலாம். அப்போது வருகிற கீரை எல்லாம் களைதான், விதைக்காமல் தானாக வருவது. மழைக்கு மறுநாளே போய் நிற்காதீர்கள், அப்போது எல்லா முளையும் ஒரே மாதிரி இரண்டு இலையோடு நிற்கும், ஆயாவே பிரித்துச் சொல்ல மாட்டார். ஆறு ஏழு இலை விட்டு, செடி தன் முகத்தைக் காட்டட்டும்.

எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் நிச்சயம் கிடைக்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

குப்பைக்கீரை. எருக்குழி ஓரம், மாட்டுக்கொட்டகைப் பின்புறம், உழுது போட்ட நிலம் எங்கும் வரும். இலையின் நுனியைப் பாருங்கள், கூராக முடியாமல் நடுவில் சின்னதாகப் பிளந்த மாதிரி இருக்கும். இதன் கூடவே முள்ளுக்கீரையும் நிற்கும், அதற்கு இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்தில் முள் இருக்கும், இளசில் கிள்ளினால் அதுவும் நல்ல கீரைதான். பெயரை வைத்துக் குப்பைமேனியைக் குப்பைக்கீரை என்று எடுத்துவராதீர்கள். குப்பைமேனி வேறு குடும்பம், இலை ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், அது வாந்தி எடுக்க வைக்கிற மருந்துச் செடி, சட்டிக்கு ஆகாது.

தொய்யக்கீரை. வேர்க்கடலைக்கும் கேழ்வரகுக்கும் நடுவில் வரும். நீண்ட காம்பு, மெல்லிய இலை, பூத்தால் மெல்லிய இளஞ்சிவப்புக் கதிர். அந்தப் பக்கம் இதைச் செஞ்சலி கூர என்பார்கள். கசப்பும் இல்லை, வழவழப்பும் இல்லை, மூலிகை வாடையும் இல்லை. கலவைக்கீரையில் பாதி இதுவாக இருந்தால் எதுவும் கெட்டுப்போகாது. புளியங்கொழுந்துக்கு அடுத்து இரண்டாவதாகக் கற்றுக்கொள்ள நான் சொல்வது இதைத்தான்.

பண்ணைக்கீரை. இதுவும் கடலைக் கொல்லைதான். வெள்ளையும் ரோஜா நிறமும் கலந்த மெழுகுவத்தி மாதிரி கதிர் விடும், தெலுங்கில் குனுகு. கதிர் வந்துவிட்டால் இலையை விட்டுவிடுங்கள், அதற்கு முன்னால் உள்ள கொழுந்துதான் ருசி.

பருப்புக்கீரை. தரையோடு படரும், தண்டு சிவந்து வழவழப்பாக, இலை சதைப்பற்றாக நுனியில் அகன்று இருக்கும், காலை வெயிலில் சின்ன மஞ்சள் பூ விரியும். அந்தப் பக்கம் கங்கவாயிலி கூர, கங்கபாயல கூர என்று ஊருக்கு ஒரு பெயர். லேசான புளிப்பும் வழவழப்பும் இருப்பதால் பருப்பில் சேர்ந்து கூழாகக் கரைந்துவிடும். மீன் எண்ணெயில் பேசுகிறார்களே ஒமேகா 3, அந்தக் கொழுப்பு வகை கீரைகளில் இதில்தான் நன்றாக இருக்கிறது. ஆனால் இதே மாதிரி தரையில் படர்கிற இன்னும் இரண்டு செடிகள் உண்டு, அதனால் ஒவ்வொரு செடியிலும் தண்டை ஒடித்துப் பாருங்கள். பால் வந்தால் தூக்கிப் போடுங்கள், அது அம்மான் பச்சரிசி வகை. பருப்புக்கீரையை ஒடித்தால் தெளிந்த நீர்தான் வரும்.

இன்னொன்று சாரணை. இது என் வீட்டில் நடந்த கதை. தனியாகக் கீரை பறிக்கத் தொடங்கிய முதல் வருஷம், சதைப்பற்றான இலை, தரையில் படர்ந்த கொடி, பால் வரவில்லை, சரி பருப்புக்கீரைதான் என்று ஒரு கூடை சாரணையைப் பறித்து வந்து கடைந்துவிட்டேன். அதுவும் பூத்து முற்றிய சாரணை, கொதித்த தண்ணீரையும் வடிக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. குழந்தைகள் பட்ட பாட்டைப் பார்த்து அந்த வருஷம் முழுக்க நான் கீரை பறிக்கவே போகவில்லை. சாரணையும் உண்ணுகிற கீரைதான், இளசாக எடுத்து நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் கொஞ்சம் சேர்க்கலாம், முற்றியதை விட்டுவிட வேண்டும். அடையாளம் இதுதான்: சாரணையில் இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும், ஜோடியில் ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பூ மஞ்சள் கிடையாது, வெள்ளையோ இளஞ்சிவப்போ. பூவைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மணத்தக்காளி எல்லோருக்கும் தெரியும், இலையை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், பச்சைக் காயைப் பச்சையாகத் தின்னக் கூடாது. வேலியில் ஏறுகிற முடக்கத்தானைக் காற்றடைத்த பை மாதிரிக் காயை வைத்துக் கண்டுபிடிக்கலாம், தெலுங்கில் அதற்குப் புத்த காகர என்று பெயர். அதன் இளம் இலை இரண்டு கைப்பிடியை மாவு அரைக்கும்போதே இரண்டு டம்ளர் இட்லி அரிசி, ஒரு கரண்டி உளுந்து, கொஞ்சம் வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, ராத்திரி புளிக்க வைத்துத் தோசை ஊற்றுங்கள். மாவில் ஒரு வாடை வரும், கல்லில் போட்டதும் போய்விடும்.

ஊமத்தை

இதற்கு ஏன் தனித் தலைப்பு என்றால், குன்றிமணியை விட்டால் மேலே சொன்ன தவறுகள் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போகும், இது போகாது. எருக்குழியில் குப்பைக்கீரை முளைக்கிற அதே மண்ணில் ஊமத்தையும் முளைக்கும், இளஞ்செடியாக இருக்கும்போது கொத்தாகக் கிள்ளினால் நடுவில் இரண்டு ஊமத்தை இலை வந்து கலந்துவிடும். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், குப்பைக்கீரைக்குப் பச்சை வாசனை மட்டும்தான், ஊமத்தை குமட்டும். இலையின் அடிப்பக்கம் காம்பின் இரண்டு புறமும் சமமாக இறங்காமல் ஒரு புறம் மேலே ஒரு புறம் கீழே நிற்கும். பக்கத்திலேயே முள் உருண்டைக் காயோ புனல் மாதிரிப் பூவோ உள்ள பெரிய செடி நின்றால் அந்தக் குழி முழுவதையும் விட்டுவிட்டு வேறு இடம் போங்கள்.

யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, வெளிச்சம் கூசி, பேச்சு தடுமாறி, இல்லாததைப் பார்ப்பதாகச் சொல்வார்கள். மோர் கொடுத்துப் பார்க்கலாம், காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள், மிச்சக் கீரையையும் செடியின் ஒரு கிளையையும் கையோடு எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு அது உதவும்.

இதற்காகத்தான் கீரையைக் கொத்தாக அள்ளாமல் செடி செடியாகக் கிள்ளச் சொல்வது. வீட்டில் ஆயும்போது இன்னொரு தடவை ஒவ்வொரு தண்டையும் பாருங்கள். பெயர் சொல்ல முடியாத இலை கையில் வந்தால் மாட்டுக்குக்கூடப் போடாமல் குப்பைக்குப் போடுங்கள்.

எந்த மண்ணில் பறிக்கக் கூடாது

செடியை அடையாளம் கண்டால் பாதி வேலை முடிந்தது, இடத்தைத் தெரிந்துகொள்வது மீதிப் பாதி. இந்தப் பாதியை இப்போது நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

பாலாற்றுப் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வரைக்கும் தோல் பதனிடும் தொழில் பல தலைமுறையாக நடக்கிறது. அந்தக் கழிவுநீர் மண்ணையும் கிணற்றையும் கெடுத்தது பற்றிய வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பதனிடுவதில் குரோமியம் சேரும், நீரோரத்தில் வளர்கிற செடி அந்த மாதிரி உலோகங்களை வேர் வழியாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது. பொன்னாங்கண்ணி ஈரம் தேடி வளர்கிற கீரை, கழிவு ஓடுகிற கால்வாயோரம்தான் பார்க்கவே ஆசையாகக் கொழுத்து நிற்கும். அங்கே பறிக்காதீர்கள். மழைநீர் மட்டும் வந்து சேர்கிற ஏரி வரத்துக்கால், கிணற்று மேடு, வீட்டுக் குழாயடி, இங்கெல்லாம் வருகிற பொன்னாங்கண்ணி போதும்.

மாந்தோப்பு. குடியாத்தத்திலிருந்து சித்தூர் வரைக்கும் பெங்களூரா மாமரம்தான். தையிலும் மாசியிலும் பூ வரும்போது தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள், அது மரத்தடிப் புல்லிலும் விழும். தோப்புக்காரர் என்றைக்கு, எதை அடித்தார் என்று கேட்காமல் தோப்புக்குள் கீரை கிள்ள வேண்டாம். கடலைக் கொல்லைக்கும் அதேதான், இப்போது கூலிக்கு ஆள் கிடைக்காமல் களைக்கொல்லி அடிக்கிறார்கள். இலை ஓரம் மஞ்சளாகச் சுருண்டோ, நுனி முறுக்கிக்கொண்டோ இருந்தால் அது வெறும் வாட்டம் இல்லை, மருந்தாக இருக்கலாம். அடித்த அன்றே எதுவும் தெரியாது என்பதால் கண்ணை நம்பாமல் வாயால் கேளுங்கள். "அண்ணா, மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பலமனேர் போகிற சாலையில் சைனகுண்டா தாண்டியதும் வருகிற காட்டுக்குள் கீரைக்காகப் போக வேண்டாம். அது கவுண்டின்யா சரணாலயப் பகுதி, யானை நடமாட்டம் உள்ள காடு, அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். மோர்தானா பக்கத்துக் காப்புக்காடும் அப்படித்தான். நமக்கு வேண்டியது எல்லாம் வரப்பிலும் கொல்லையிலும் இருக்கிறது, இந்தக் கீரைகள் மனிதர்கள் கிளறிய மண்ணில்தான் செழிக்கும்.

கலவைக்கீரைக் கடைசல்

இப்போது சட்டிக்கு வருவோம். மடியில் ஐந்தாறு வகை இருக்கும், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் ருசி வந்துவிடாது. ஆயாவின் அளவு இது: பாதி சப்பென்று இருக்கிற கீரை, அதாவது தொய்யக்கீரை, குப்பைக்கீரை, பண்ணைக்கீரை. கால் பங்கு வழவழப்பு, பருப்புக்கீரை. மீதிக் கால் பங்கில் கசப்புக்கு ஒரு பிடி மணத்தக்காளி, புளிப்புக்கு ஒரு பிடி புளியங்கொழுந்து, கொழுந்துக் காலம் முடிந்திருந்தால் கிணற்றடிப் புளியாரை. கசப்பு ஒரு பிடிக்கு மேல் போனால் குழந்தைகள் தொட மாட்டார்கள்.

அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கீரையை முக்கி அலசி, கீரையை மேலாக அள்ளி எடுங்கள், தண்ணீரைச் சாய்க்காதீர்கள். சாய்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடியும் கீரையின் மேலேயே விழும். மூன்று தண்ணீர், மழைக்குப் பிறகு என்றால் நான்கு. அலசி முடித்த பிறகுதான் நறுக்க வேண்டும்.

பண்ணைக்கீரையோ சாரணையோ இருந்தால் அதை மட்டும் தனியாக ஐந்து நிமிஷம் கொதிக்க விட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இவற்றிலும் பருப்புக்கீரையிலும் ஆக்சலேட் அதிகம், வடித்தால் அதில் ஒரு பகுதி போய்விடும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்தக் கீரைகளைக் கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டும், மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டக் கூடாது, கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். கர்ப்பமாக இருப்பவர்கள் சாரணையைத் தவிர்த்துவிடுங்கள்.

மண்சட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் ஒரு கைப்பிடி வேகவைத்த துவரம்பருப்பு, பத்து பல் பூண்டு, சின்ன வெங்காயம், ஏழெட்டு பச்சை மிளகாய், சீரகம். பூண்டு வெந்ததும் கீரை. புளிப்புக் கீரையை மட்டும் கடைசிக்கு வையுங்கள், அது முதலில் போனால் மற்றக் கீரையின் பச்சையையும் பழுப்பாக்கிவிடும். மூடி போடாமல் வேகவிடுங்கள், கீரையிலிருந்து ஆவியாகப் போக வேண்டிய புளிப்பு மூடியில் பட்டுத் திரும்பச் சட்டியிலேயே விழுந்தாலும் நிறம் போகும். எட்டுப் பத்து நிமிஷத்தில் தண்டு நசுங்கும். தண்ணீர் அதிகமாக இருந்தால் தனியே இறுத்து வைத்துக்கொண்டு, உப்புப் போட்டு மத்தால் கடைந்து, பதம் பார்த்து அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மிக்ஸியில் அடித்தால் பசை மாதிரி ஆகிவிடும், கடைசலில் அங்கங்கே இலை தெரிய வேண்டும்.

தாளிப்புக்குக் கடலை எண்ணெய், கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய், நசுக்கிய பூண்டு. இறக்கும்போது வறுத்துப் பொடித்த வேர்க்கடலை இரண்டு கரண்டி தூவினால் அந்தக் கொல்லையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவது போல இருக்கும். அன்றைக்கே முடித்துவிடுங்கள். வெந்த கீரையை வெளியில் வைத்திருந்தால் அதிலுள்ள நைட்ரேட் நைட்ரைட்டாக மாறும், சின்னக் குழந்தைகளுக்கு அது நல்லதில்லை. மதியம் செய்ததை ராத்திரிக்கு வைக்க வேண்டும் என்றால் ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துச் சூடு பண்ணிக்கொள்ளலாம், மறுநாளைக்கு வேண்டாம்.

கிள்ளும்போது நுனியிலிருந்து ஒரு விரல் நீளம் மட்டும் நகத்தால் கிள்ளுங்கள், வேரோடு பிடுங்க வேண்டாம். கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு பக்கக் கிளை வரும், பத்து நாளில் மறுபடி போகலாம், மூன்று தடவை வரை கிடைக்கும். அதற்குப் பிறகு செடி பூவுக்குப் போய்விடும். ஆயா ஒவ்வொரு கொல்லையிலும் வரப்பு மூலையில் நான்கு செடிகளைத் தொடவே மாட்டார், அதை விதைக்கு விடச் சொல்வார். எங்கள் கிணற்று மேட்டுக்குக் கிழக்கே உள்ள மூலையில் இந்த வருஷமும் தொய்யக்கீரை அதே இடத்தில்தான் வந்திருக்கிறது.